கண்ணியும் கணினியும்

ஐம்பத்து மூன்று வயதில் கல்லூரிக்குப் போவதென்று நான் முடிவெடுக்கவில்லை. எங்கள் இயக்குநர் எடுத்தார்.

ஹேகஸுண்ட் துறைமுகத்து மீன் அருங்காட்சியகத்தில் நான் காவலாளி. சுவரிலிருந்த பலகைகளைக் கழற்றிவிட்டுத் தொடுதிரைகள் மாட்டப்போகிறார்களாம். பல்லூடகத்துக்கு நிரல் எழுதும் தொடக்க வகுப்பில் தேறிவந்தால், திரைகளைக் கவனிக்கும் வேலை எனக்கு. தேறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேர்வுக்கு ஒரு மீன் செய்ய வேண்டும். திரையில் தொட்டால் அது நீந்திவந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். என் மீன் வாலை முன்னால் விட்டுக்கொண்டு நீந்தியது. தொடாதபோது ஓயாமல் பேசியது. தொட்டால் வாயை மூடிக்கொண்டது.

அப்போதுதான் என் மனைவி குன்வோரின் நினைவு வந்தது. பத்திரிகைக்கு ஸ்வெட்டர் பின்னும் முறை எழுதுகிறவள். 'உன்னால் முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிக்காமல் தூங்கமாட்டாள். இருபத்தாறு வருட அனுபவத்தில் நான் கண்டுபிடித்த ஒரே ரகசியம் அது.

மீன் சூப்பைக் கலக்கியபடி பெருமூச்சு விட்டேன். "இதெல்லாம் உனக்குப் புரியாது குன்வோர். இது கணினி. நீ பின்னுகிற கண்ணி இல்லை."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏங்க, 'இருபது தடவை திரும்பச் செய்', 'இது வந்தா அதைச் செய்'. இவ்வளவுதானே? ஒவ்வொரு ஸ்வெட்டர் கைக்கும் நான் எழுதறது இதைத்தான்."

ஒரே வாரம். மீன் தலையை முன்னால் வைத்து நீந்தியது. தொட்டால் பேசியது. கையை எடுத்தால் மரியாதையாக நிறுத்தியது. உள்ளே துள்ளிக் குதித்தேன். வெளியே, "பரவாயில்லை" என்றேன்.

தேர்வன்று ஆசிரியை ராக்ன்ஃபிரிட் பதினாலாவது வரியை விளக்கச் சொன்னார். நான் வரியைப் பார்த்தேன். வரி என்னைப் பார்த்தது. இனி ஒளிக்க முடியாதென்று உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம் ஒட்வார்" என்றார் அவர். "உங்க மனைவி புதன்கிழமையே வந்து எல்லா வரியையும் விளக்கிட்டாங்க. உங்க இயக்குநரும் கூட இருந்தார்."

நான் தேறவில்லை. திரைகளைக் கவனிக்கும் வேலை குன்வோருக்குப் போய்விட்டது. என் வேலையும் போயிற்றா என்று கேட்க இயக்குநரிடம் போனேன். கேட்குமுன் அவரே சொன்னார்: திரையில் படியும் விரல் தடங்களைத் துடைக்க ஒரு ஆள் வேண்டுமாம். காவலோடு அதையும் நான் பார்த்துக்கொள்ளலாமாம்.

தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மாணவன் அந்தக் கல்லூரியில் இருந்திருக்க மாட்டான். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். குன்வோர் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். பெரிய துண்டை எனக்கே வைத்தாள். தந்திரமாக வேலை வாங்கியதற்காக அவளுக்குக் கோபமே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லதாப் போச்சு. இனி நான் அந்தக் கல்லூரிப் பக்கமே போக வேண்டாம்" என்றேன்.

"செப்டம்பர்ல அதே வகுப்பு மறுபடி ஆரம்பிக்குதுங்க. உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"எதுக்கு? எனக்குத்தான் வேலை இருக்கே?"

"என் பிரிவுல வேலை பார்க்கறவங்க எல்லாரும் பாஸ் பண்ணியிருக்கணும்னு இயக்குநர்கிட்ட சொல்லிட்டேன்."

அவள் பிரிவில் மொத்தம் ஒரே ஆள். நான்.