ஏழேகால் பஸ்ஸில் ஒரு லேப்டாப் தொட்டில்

உலகத்தில் லேப்டாப்புக்குத் தொட்டில் கட்டிய ஒரே மனிதர் எங்கள் ஏழேகால் பஸ்ஸில்தான் வந்தார். வேறெங்காவது இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவருடைய பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 'தொட்டில் அண்ணன்' என்றால் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிற அத்தனை பேருக்கும் தெரியும்.

தொட்டிலுக்கு முன்னால் அவர் இரண்டு லேப்டாப்பைக் காவு கொடுத்திருந்தார். நம்மூர் பஸ்ஸில் நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் கொடுப்பது வழக்கம். அவரும் கொடுத்தார். வாங்கிய அம்மாள் நல்லவர்தான். கையிலிருந்த சக்கைப்பழத்துக்கு, அதாவது முழுப் பலாப்பழத்துக்கு, வேறு இடம் இல்லாததால் அதை அந்தப் பையின்மேல் வைத்துக்கொண்டார். மார்த்தாண்டம் வருவதற்குள் லேப்டாப் பப்படம். இரண்டாவது, மேலே கம்பித் தட்டில் வைத்தது, ஒரு பிரேக்கில் தானாகவே இறங்கி வந்தது. இனி ஒன்று உடைந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மறுநாள் அண்ணன் ஒரு பழைய சாரத்தை, அதாவது லுங்கியை, எடுத்துக்கொண்டு வந்தார். ஜன்னலோர சீட்டுக்கு மேலுள்ள கம்பியில் அதைத் தொட்டிலாகக் கட்டி, புது லேப்டாப்பை உள்ளே படுக்க வைத்தார். பள்ளம் வந்தால் பஸ் குதிக்கும், நாங்களும் குதிப்போம். லேப்டாப் மட்டும் சுகமாக ஆடிக்கொண்டிருக்கும்.

சில மாதம் கழித்து ஒருநாள் கண்டக்டர் கேட்டார்: "ஓய், பிள்ளைக்கு எத்தன மாசம் ஆச்சு?"

"எட்டு மாசம். இன்னும் நாலு மாசம் வாரண்டி இருக்கு."

தக்கலையில் ஏறிய ஓர் அம்மாள், பிள்ளை எழும்பிவிடக் கூடாதே என்று கணவரிடம் சைகையிலேயே பேசிக்கொண்டு வந்தார். இறங்கும்போது ஆசையாக எட்டிப் பார்த்தார்.

"எளவு, இது கம்ப்யூட்டராக்கும்! இதுக்கா நான் முக்கா மணிக்கூர் வாய மூடிட்டு இருந்தேன்?"

பின்னாலேயே இறங்கிய கணவர் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அண்ணே, தாலாட்டும் உண்டா?" என்று நான் ஒருநாள் சீண்டினேன்.

"கேலி பண்ணாத மக்கா. இதும் போச்சுன்னா எனக்கப் பொழப்பு போச்சு."

ஒரு மழைநாள். குளச்சல்காரப் பெண் ஒருத்தி காய்ச்சல் கண்ட கைக்குழந்தையோடு தக்கலையில் ஏறினாள். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த நான் எழுந்து இடம் கொடுத்தேன். குழந்தை வீறிட்டு அழுதது. எத்தனை பேர் எத்தனை கிலுகிலுப்பை காட்டியும் நிறுத்தவில்லை. அண்ணன் குழந்தையைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல கெடத்து மோளே."

நாலு ஆட்டத்தில் குழந்தை உறங்கிவிட்டது. குழித்துறைப் பாலம் தாண்டியதும் எதிரே வந்த லாரிக்காக டிரைவர் போட்டார் ஒரு பிரேக். தொட்டில் முன்சீட்டுக் கம்பியை நோக்கிப் பாய்ந்தது. அண்ணன் அதைப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார். மடியில் இருந்தது தரையில் விழுந்து, படிக்கட்டு வரை போய்த்தான் நின்றது.

பஸ்ஸே "ஐயோ" என்று அலறியது. அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"சத்தம் போடாதிங்கடே. பிள்ள ஒறங்குகு."

மேலாளர் சொன்ன சொல் தவறாதவர். அடுத்த வாரம் முதல் அண்ணன் பஸ்ஸில் இல்லை. ஜன்னலோரத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள், எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, புதுக்கடை ஊரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவரைப் பார்த்தேன். இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று பக்கத்து இலைக்காரர் சொன்னார். ஆறுதல் சொல்லலாம் என்று நான் அவரிடம் போனேன், அண்ணனே முந்திக்கொண்டார்.

"மக்கா, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா? பொறவு எங்கயாவது பாத்தியா?"

நான் பார்க்கவே இல்லை.

"பாத்தேன் அண்ணே. கொழுக்குமொழுக்குன்னு இருக்கு" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.