ஒன்பது காப்பகங்களை ரிஜெக்ட் செய்தவர்

தகப்பன்மாரில் பல வகை உண்டு. அடிக்கிறவர், கொஞ்சுகிறவர், மார்க் ஷீட் வரும் நாளில் மட்டும் வீட்டில் தென்படுகிறவர். இவர்களையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது எங்கள் ஆவடி, அம்பத்தூர் பக்கத்தில் சமீப காலமாகத் தலையெடுத்திருக்கும் ஓர் இனத்தைப் பற்றி. மனைவி வேலைக்குப் போகிறாள், மடியில் கைக்குழந்தை, ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே இவர் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஒரு நல்ல காப்பகம் தேடுகிறார். தேடுகிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ரெய்டு போகிறார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. ஸ்கூட்டர் பெட்டியில் டேப், டார்ச் லைட், நூறு பக்க நோட்டு. காப்பகத்துக்குள் நுழைந்ததும் குழந்தைகளைப் பார்க்க மாட்டார், கூரையைப் பார்ப்பார், சுவரைத் தட்டுவார், கிணற்றுக்கும் வாசலுக்கும் எத்தனை அடி என்று அளப்பார், பால் காய்ச்சும் பாத்திரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தை முகர்வார், கடைசியில் நடத்துகிற அம்மாளிடம், "இங்க தீ பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். அந்த அம்மாள் அன்று காலைதான் பூஜை போட்டுக் காப்பகத்தைத் திறந்திருப்பாள்.

எங்கள் பரந்தாமன் இந்த இனத்தின் சிகரம். ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் என்னோடு வேலை பார்க்கிறார். நாள் முழுக்க துளைக்குள் அளவுக்கட்டையை விட்டுப் பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. பத்து வருஷம் அதையே செய்த மனிதர் வீட்டுக்கு வந்தால் தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் சாப்பிடுவார். இதில் அவர் தப்பு என்ன இருக்கிறது? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

பையன் பிறந்து இரண்டாம் மாதம் பரந்தாமன் ஒரு காரியம் செய்தார். பிள்ளையின் தலையை நூலால் அளந்தார். கார்ப்பெண்டரி ஷாப்பில் ஒருத்தரைத் தாஜா பண்ணி அதே சுற்றளவில் தேக்கில் ஒரு பந்து கடைந்து வாங்கினார். காப்பகத்தின் ஜன்னல் கம்பிக்கு நடுவே அந்தப் பந்தைத் தள்ளிப் பார்க்க வேண்டியது. நுழைந்தால் பிள்ளையின் தலையும் நுழையும்; ரிஜெக்ட். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். பர்மிஷன் போட்டுவிட்டு, மடியில் மரத்தலையோடு பூந்தமல்லி ரோட்டில் நான் போன கோலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

அம்பத்தூரில் பந்து நுழைந்துவிட்டது. பட்டாபிராமில் ஒரு ரிட்டயரான டீச்சரம்மா வீடு. காலை பதினோரு மணிக்கு ஏழு பிள்ளைகளும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா சார், எல்லாம் ஒரே நேரத்துல தூங்குது. பால்ல எதையோ கலக்கறாங்க" என்றார் பரந்தாமன் என் காதில்.

மறுவாரம் பூந்தமல்லியில் அதே பதினோரு மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் முழித்துக்கொண்டு விளையாடின. "ஒண்ணுகூடத் தூங்கலை. தூங்க வைக்கத் தெரியாத இடம்" என்று எழுதிக்கொண்டார். வானகரத்தில் லாரிச் சத்தம். சென்னீர்குப்பத்தில் சத்தமே இல்லை, அதனால் ஆள் நடமாட்டம் போதாது. வேப்பம்பட்டில் ஒன்றும் குறை கிடைக்கவில்லை. காற்று, வெளிச்சம், சுத்தம், சிரித்த முகம். பரந்தாமன் முகம் வாடிவிட்டது. பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்தவர் திடீரென்று தெளிந்து சொன்னார்:

"ரொம்ப தூரம் சார்."

வேப்பம்பட்டு தூரம் என்பது கிளம்பும்போதே அவருக்குத் தெரியாதா? தெரியும். குறை அகப்பட்டால்தானே மனசு ஆறும்.

இப்படி ஒன்பது இடம் போயிற்று. இந்த ஒன்பதுக்கும் நடுவில் வனஜா என்று ஒருத்தி இருந்தாள். பரந்தாமனின் மனைவி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். பிரசவ லீவு தீர்ந்து, சம்பளமில்லாத லீவும் தீர்ந்து, கெஞ்சி வாங்கின லீவும் தீர்ந்திருந்தது. அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவள் பெற்றவள்தானே, நிபுணர் இல்லையே.

ஒன்பதாவது ரிஜெக்ட்டுக்குப் பிறகு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். வனஜா பந்தை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது ரெண்டாம் மாசத் தலை. அவனுக்கு இப்ப ஏழு மாசம்."

டம்ளர் பாதி வழியில் நின்றது. தலை பெரிதாகிவிட்டால் அம்பத்தூர் ஜன்னலில் அது நுழையாதே. அளவு மாறிப்போன கட்டையால் இன்ஸ்பெக்ஷன் செய்வது எங்கள் பிரிவில் மகாபாவம். அதற்கு மெமோ கொடுப்பார்கள். பரந்தாமன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"புதுப் பந்து ஒண்ணு கடையச் சொல்லிட்டு, ஒன்பதையும் மறுபடி பாத்துடுவோம் சார்."

வனஜா உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். திங்கட்கிழமை காலை வேலைக்கு வராவிட்டால் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனி எழுதியிருந்தது.

"சனிக்கிழமை திருமுல்லைவாயல் வரீங்க. என்கூட வேலை பாக்கற ஜமீலா பிள்ளையை விடற இடம். பந்து வேணாம்" என்றாள். ஏழெட்டு வருஷம் போராடி வாங்கின வேலை அது. குரல் உயரவில்லை, கவரைத் திரும்ப எடுத்து ஓரங்களை நீவி மடித்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது இடத்திலும் பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்தானே.

சனிக்கிழமை தாயும் பிள்ளையும் பஸ்ஸில் போனார்கள். சாட்சியான நான் வழக்கம்போல் பரந்தாமனின் ஸ்கூட்டரில். பந்தும் வந்தது, பழக்கத்தை விட முடியுமா?

ஓட்டு வீடு. உள்ளே மூன்று தூளி, தரையில் ஐந்து உருப்படி. நடத்துகிற வேம்புலியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவர். வயல் பிளாட்டான பிறகு பிள்ளை பார்க்கிறார். ஒரு பெண் குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர், நோட்டையும் டார்ச்சையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா சார், கரண்டு ஆபீசா?"

"இல்லம்மா. பிள்ளையை விடறது விஷயமா. உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?"

"அத்த அப்பால சொல்றேன். மொதல்ல நீ குந்து. நான் ரெண்டு கேக்கணும்."

பரந்தாமன் உட்கார்ந்தார். பந்து கைநழுவி உருண்டது. தவழ்ந்து வந்த ஒரு பயல் அதைப் பிடித்து நக்க ஆரம்பித்தான்.

"உம் புள்ள எந்தப் பக்கம் ஒருக்களிச்சி தூங்கும்?"

பரந்தாமன் நோட்டைப் பிரித்தார். ஆமாம், பிரித்தார். எண்பத்திரண்டு பக்கம் எழுதியிருந்தார். கூரை, கிணறு, பாத்திரம், தீ. பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"தூங்கசொல்ல எத்த புடிச்சிக்கும்? பசிக்கு அயுதா எப்டி அயுவும், தூக்கத்துக்கு எப்டி அயுவும்?"

"இருங்க, வனஜாவைக் கேட்டு..."

"அதான் போன வாரமே வந்து எல்லாம் சொல்லிட்சே. அப்பங்காரன பாத்துட்டுத்தான் எட்த்துக்குவேன்னு நாந்தான் சொல்லி அனுப்சேன். சாய்ந்தரம் உம் பாக்டரில சங்கு ஊதுனா நீதானே மொதல்ல வருவே? இந்தம்மா ரயிலு புடிச்சி வர ஏழு ஆவும். புள்ளைய யாராண்ட குடுக்கறேன்னு நான் பாக்க வேணாமா?"

பரந்தாமன் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவருக்கு உதவி செய்ய அங்கே ஒரு குறையும் முன்வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பையன் அழ ஆரம்பித்தான். வனஜா தூக்கப் போனாள்.

"நீ சும்மா கீம்மா" என்று அவளை நிறுத்தினார் வேம்புலியம்மாள். "நைனா, நீ தூக்கு. தூங்க வை, பாக்கலாம்."

வனஜாவின் திங்கட்கிழமை வேலை மொத்தமும் இப்போது பரந்தாமன் தோளில் கிடந்து வீறிட்டது. தட்டினார். குலுக்கினார். டார்ச்சை அடித்துக் காட்டினார். பிள்ளையின் கை அவர் காதைத் தேடிப் பிடித்தது, எடுத்து விட்டார். மறுபடி பிடித்தது, மறுபடி எடுத்து விட்டார். வனஜா சொல்ல வாயெடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மூன்றாம் தடவை அவருக்கு எடுத்துவிடத் தெம்பில்லை. காதுமடலைப் பிடித்துத் திருகிக்கொண்டே அழுகை விம்மலாகி, விம்மல் மூச்சாகி, பையன் தூங்கிப்போனான். தலை இடதுபக்கம் சாய்ந்திருந்தது. காது சிவந்துபோன பரந்தாமன், எழுந்தால் பிள்ளை முழித்துவிடும் என்று முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"ஒரு வாரம் பாப்பேன். அஞ்சு மணிக்கு மேல லேட்டா வந்தேன்னு வெச்சிக்கோ, வேற எடம் பாத்துக்க" என்றார் வேம்புலியம்மாள். திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு வனஜா அம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கினாள். சங்கு ஊதியதும் ஷாப்பிலிருந்து முதல் ஆளாக ஓடியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்ததென்று அன்று இரவு என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்த வாயோடு, "ஆமா, நம்ம பொண்ணு எந்தப் பக்கம் ஒருக்களிச்சுத் தூங்குவா?" என்றேன்.

"எந்தப் பொண்ணு?" என்றாள். எங்களுக்கு இரண்டு.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை. உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. உங்கள் பிள்ளை தூங்கும்போது எதைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவீர்கள். எங்கே, சொல்லுங்கள். அடுக்களைப் பக்கம் திரும்பாமல் சொல்லுங்கள்.