இருபது கீற்றும் ஒன்பது தொகுதியும்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. நூலகத் துறை இருந்தது. அதுவும் சும்மா இல்லை. ஆலமரத்தடிக் கொட்டகையில் தலைமை நூலகம், ஆற்றங்கரை, பாறைமேடு, மூங்கில்தோப்பு என்று மூன்று கிளைகள். வாசகர் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டே போனது. படிக்கத் தெரியாத கரடிகூட உறுப்பினர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைமை நூலகத்தைக் கவனித்துக்கொண்டவள் முள்ளம்பன்றி பேச்சியம்மா. வேலையில் கெட்டி. திருப்பித் தராத புத்தகத்தைக் கேட்டு வாசலில் போய் நின்று முள்ளைச் சிலிர்த்தால் போதும், புலியே தூசி தட்டிக் கொடுத்துவிடும். அப்பேர்ப்பட்டவளுக்கும் ஒரு கவலை. கூரையில் பலாப்பழம் அளவுக்கு ஓட்டை. போன மழையில் சமையல் புத்தகங்கள் மொத்தமும் கூழாகி, அணில் வீட்டில் இன்றுவரை ரசம் என்ற பெயரில் வெந்நீர்தான். இப்போது ஓட்டைக்கு நேர் கீழே குட்டிகளின் கதைப் புத்தகங்கள். நகர்த்த இடமில்லை. ஐப்பசிக்கு இரண்டே மாதம். பாவம், பேச்சியம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

"இருபது தென்னங்கீற்று வேண்டும்" என்று மனு எழுதிக்கொண்டு இயக்குநர் காட்டெருமையிடம் போனாள்.

இயக்குநர் மனுவை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா இது, இருபது கீற்று! வளர்ந்துவர்ற துறை நம்மளோடது. பெரிசா யோசிக்க வேண்டாமா?"

"சரிங்க ஐயா, முப்பதாவே குடுங்க."

"அட, அதைச் சொல்லலை. இருபத்தஞ்சு வருஷத்துக்குத் தொலைநோக்குத் திட்டம் போடப்போறோம். அது முடியற வரைக்கும் ஒரு ஆணி அடிக்கக்கூடாது. நீங்க போட்ட கூரை நாளைக்குத் திட்டத்துக்கு முரணா இருந்தா யார் பதில் சொல்றது?"

மழை உங்கள் திட்டத்துக்காகக் காத்திருக்குமா என்று கேட்க வாய் வரை வந்தது. மனுவைச் சுருட்டிக்கொண்டு திரும்பினாள்.

திட்டம் போட வெளிக்காட்டிலிருந்து ஆலோசகர் கொக்கு வந்தார். ஒற்றைக் காலில் நின்று தூரத்தையே பார்த்தார். பக்கத்தில் இருந்த ஓட்டையைக் காட்டினால் கண் கூசுகிறது என்றார். பிறகு வாசகர்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். முதல் கேள்வி: 'இருபத்தைந்து வருஷம் கழித்து உயிரோடு இருப்பீர்களா?'

முயல் தலையைச் சொறிந்தது. "எனக்கு ஆயுசே எட்டு வருஷம்தானுங்களே!"

"அப்போ உங்க கருத்து திட்டத்துக்குப் பொருந்தாது. அடுத்தவங்க வாங்க."

அணில் போனது, மான் போனது, குரங்கு சண்டை போட்டுப் பார்த்துவிட்டுப் போனது. யானைக் கூட்டம் அப்போது வலசை போயிருந்தது. தினமும் நூலகத்துக்கு வருகிற அத்தனை பேரையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது ஆமையும் முதலையும். இரண்டும் நூலகப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. இயக்குநருக்குக்கூட அவ்வளவு ஆயுசு கிடையாது; ஆனால் அவரிடம் படிவத்தை நீட்ட யாருக்குத் தைரியம்?

"நூலகத்தை ஆத்துக்குள்ள வெச்சா வரலாம்" என்றது முதலை. ஆமை யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. நாற்பது நாள் யோசித்தது. பிறகு, "எனக்கும் அதேதான்" என்றது.

அவ்வளவுதான், திட்டம் தயார். ஒன்பது தொகுதி. எதிர்காலம் கசங்கக் கூடாதாம், பக்கத்துக்குப் பக்கம் லேமினேஷன். தலைமை நூலகத்தில் வைக்கச் சொல்லி முப்பது பிரதிகள் வந்து இறங்கின. கூடவே ஓர் உத்தரவு: 'இடம் போதாவிட்டால் கதைப் புத்தகங்களை வெளியே வைக்கவும்.'

வெளியே வானம் கருத்துக்கொண்டு வந்தது. பேச்சியம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. "நாசமாப் போச்சு! ஒத்தைக் கீற்றுக்கு வக்கில்லை, ஒன்பது தொகுதியாம்!" என்று ஒரு தொகுதியைத் தூக்கி வீசினாள். அது குட்டையில் போய் விழுந்தது. என்ன இருந்தாலும் நூலகக்காரி அல்லவா, மனசு கேட்கவில்லை. எடுத்து உதறினாள். ஒரு பொட்டு ஈரம் ஒட்டவில்லை.

அடி ஆத்தி!

மறுநிமிஷம் கூரை மேல் இருந்தாள். தொகுதிகளைப் பிரித்து, தன் முள்ளையே பிடுங்கிப் பிடுங்கிக் கூரையோடு சேர்த்துக் குத்தினாள். முன்னுரை முகட்டில், நோக்கங்கள் தெற்குச் சரிவில், வரைபடங்கள் வடக்கே. கனமான பிற்சேர்க்கை முழுவதும் அந்தப் பலாப்பழ ஓட்டைக்கு.

ஐப்பசி பதினேழு நாள் கொட்டித் தீர்த்தது. உள்ளே ஒரு பக்கம் நனையவில்லை. முயல்குட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து கதை படித்தன.

மழை விட்டதும் இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார். பேச்சியம்மா வேலை போச்சு என்றே முடிவுகட்டிவிட்டாள்.

"திட்டத்தை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"தினமும் பயன்படுத்துறோம் ஐயா."

"பயன்... படுத்துறீங்களா?" இயக்குநர் ஓரடி முன்னால் வந்தார். அவர் கையெழுத்துப் போட்ட பதினோரு திட்டங்களில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. "பேச்சியம்மா! வேற என்ன வேணும்? கூச்சப்படாமக் கேளுங்க."

"மூணு கிளையும் ஒழுகுதுங்க ஐயா. ஐம்பது வருஷத் திட்டமா ஒண்ணு போட்டுடுங்க. பிற்சேர்க்கை மட்டும் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

நீதி: எந்தத் தொலைநோக்குத் திட்டத்தையும் படித்துப் பார்த்துக் குறை சொல்லக் கூடாது, நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.