நடுவில் ஆள் வேண்டுமா?

முதல் சோதனை ஓட்டத்தில் ஜெயித்த வெறும் வட்டு, இரண்டாவது ஓட்டத்தில் நொண்டியது. நூலகத்தின் தரவுத்தளத்தைக் கட்டிக் காக்கும் மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது, பாவம்.

"என்ன மாப்பிள்ளை, காலையில குதிரை, இப்ப கழுதையா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து மச்சான் சிரித்தார். மனைவியின் அண்ணன் அவர். அதே அலுவலகம், அதே வேலை, நேர் எதிர்க் கட்சி.

சங்கதி இதுதான். நூலகத்துக்குப் புதுக் கணினி இயந்திரம் வாங்கியாகிவிட்டது. தரவுத்தளம் தானே நேராக வெறும் வட்டில் எழுதிக்கொள்ளட்டும், நடுவில் ஆள் எதற்கு என்பது மாப்பிள்ளை வாதம். கோப்பு முறைமை என்கிற நிர்வாகி நடுவில் நின்று எடுத்துக் கொடுத்தால்தான் ஒழுங்கு என்பது மச்சான் வாதம். தங்கை வீட்டுச் சண்டைகளில் இத்தனை வருஷம் நடுவில் நின்றவர் வேறெப்படிப் பேசுவார்?

"யாரோடது வேகமோ அவருக்குப் புது மெஷின். இன்னொருத்தர் ஊர்க்கோடிக் கிளைக்கு" என்று தலைமை நூலகர் அம்மாள் சொல்லிவிட்டார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய கிளை அது.

இயந்திர அறைக்குள் போயே பல மாதமாகியிருந்த இருவரும் காலையில் முண்டியடித்து நுழைந்தார்கள். துடைத்துப் பளபளவென்று நின்ற இயந்திரத்தில் ஆளுக்கொரு வட்டைச் செருகிவிட்டுத் திரும்பினார்கள்.

தொலைபேசி அடித்தது. புத்தகம் பதியும் கவுன்டர் அக்கா.

"தம்பி, ஒரு புத்தகம் பதியறதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வந்துடுது. என்னாச்சு?"

"பழைய மெஷின்க்கா, முக்கத்தான் செய்யும். இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க."

இதற்குள் மச்சானின் கோப்பு முறைமை பறந்துகொண்டிருந்தது.

"கள்ளாட்டம் மச்சான்! அது வட்டைத் தொடவே இல்ல. ஏற்கெனவே படிச்சதை நினைவகத்துல வெச்சுக்கிட்டு ஒப்பிக்குது."

மாப்பிள்ளை நினைவகத்தைக் காலி செய்து, சோதனைச் சுமையை இரண்டு மடங்காக்கினார். இரண்டுமே நொண்டின.

மறுபடி தொலைபேசி. "தம்பி, வரிசை வாசலைத் தாண்டிடுச்சு!"

"பழசுக்கா, பழசு!"

சாப்பாட்டு வேளையில் கவுன்டரை மூடினார்கள். என்ன மாயமோ, இரண்டு வட்டும் சிட்டாய்ப் பறந்தன. கவுன்டர் திறந்ததும் மறுபடி படுத்துக்கொண்டன.

"நீங்க உத்துப் பாக்கறீங்க மாப்பிள்ளை, கண்ணு படுது."

"நீங்க கொஞ்சம் எந்திரிச்சுப் போங்க, தானா ஓடும்."

மச்சான் எழுந்து போனார். ஓடவில்லை. வந்தார். அப்போதும் ஓடவில்லை.

"ஒண்ணொண்ணா ஓட்டினா நியாயம் தெரியாது. ரெண்டையும் சேர்த்து விடுவோம், பத்து மடங்கு!" என்று மாப்பிள்ளை விசையைத் தட்டினார்.

திரை உறைந்தது. கதவு திறந்தது. கவுன்டர் அக்கா மூச்சிரைக்க நின்றார், பின்னால் தலைமை நூலகர் அம்மாள்.

"சுத்தமா நின்னுபோச்சு! ஜனங்க என்னைப் பிடிச்சுத் திட்டறாங்க!"

"அது இருக்கட்டும். யார் ஜெயிச்சது?" என்றார் அம்மாள்.

"மாப்பிள்ளை, கிளைக்கு யார் போனாலும் தங்கச்சி என்னைத்தான் கேப்பா" என்று மச்சான் காதைக் கடித்தார்.

மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, எது வேகம்னு சத்தியமா புரியல. கோளாறு எங்க வட்டுல இல்ல, இந்தப் புது மெஷின்லதான். இதைத் திருப்பி அனுப்பிடுங்க. இதுக்குப் பழசே தேவலை."

வாசலில் தள்ளுவண்டி முட்டிக்கொண்டது. அதன்மேல் ஆள் உயரப் பெட்டி. லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கோச்சுக்காதீங்க சார், வழியில டயர் பஞ்சர், காலையிலயே வரவேண்டியது. உங்க புது மெஷினை எங்க இறக்கட்டும்?"