1,412 மூதாதையரும் ஒரு சாம்பல் நிறப் பெட்டியும்

மனித குலம் இதுவரை மூன்று மாபெரும் தேடல்களைக் கண்டிருக்கிறது. ஒன்று, கடல் கடந்து புது நிலம் தேடியது. இரண்டு, நிலவுக்கு வழி தேடியது. மூன்றாவது, நம் கண்காணிப்பாளர் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தம் முன்னோரைத் தேடியது. முதல் இரண்டுக்கும் ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள். மூன்றாவதை அவர் ஒற்றை ஆளாக, ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சாதித்தார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு பெரிய அலுவலகத்தின் பதிவறையைக் கட்டிக் காத்தவர் அவர். அங்கே உள்ளே போன காகிதம் எதுவும் தொலைந்ததில்லை. வெளியே வந்ததும் இல்லை. ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் எல்லோரும் அவரைக் கண்காணிப்பாளர் என்றே அழைத்தார்கள். மனைவியும்தான், கோபம் வரும்போது.

வம்சாவளி தேடித் தரும் இணையதளத்தில் அவர் சேர்ந்தபோது கையிருப்பில் இருந்தது ஒரே ஒரு சட்டம் போட்ட புகைப்படம். சிறு வயது முதல் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. முறுக்கு மீசை, கழுகுப் பார்வை, மேல்கோட்டில் ஆறு பொத்தான். தாத்தாவுக்குத் தாத்தா என்பது வீட்டில் எல்லோரும் அறிந்த சேதி. அதை ஏற்றியவுடன் இணையதளம் மீசைக்கு வண்ணம் தீட்டியது, கண்ணைச் சிமிட்ட வைத்தது, பிறகு முகங்களை ஒப்பிட்டு, வெளிநாட்டில் பல் டாக்டராக இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்கும் இந்த மீசைக்காரருக்கும் எண்பத்தேழு சதவீதம் ஒற்றுமை என்று தீர்ப்பளித்தது. பல் டாக்டர் அன்றே மீசை வளர்க்க ஆரம்பித்தார்.

அதன்பின் முன்னோர்கள் வரிசையில் நின்றார்கள். "உங்கள் மூதாதையர் ஒருவர் கிடைத்திருக்கிறார், சேர்க்கவா?" என்று திரை கேட்கும். கேட்டு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புவது கண்காணிப்பாளருக்குப் பழக்கமான வேலைதான். ஆனால் சொந்த ரத்தம் ஆயிற்றே. சேர்த்தார். நான்கு மாதத்தில் 1,412 பேர். அதில் ஒரு படைத்தளபதி, இரண்டு அமைச்சர்கள். நான்கு வயதில் தாயான ஒரு கொள்ளுப்பாட்டியும் உண்டு. இந்தக் கடைசி விவரத்துக்கு இணையதளம் சிவப்பு எச்சரிக்கை காட்டியது. அவர் குறிப்புக் கட்டத்தில் "விதிவிலக்கு அனுமதிக்கப்படுகிறது" என்று தட்டி விஷயத்தை முடித்தார்.

தாம் பெற்ற ஞானம் தம்மோடு போகக் கூடாது என்று "குடும்ப வரலாற்று ஆய்வாளர்களுக்கான நடைமுறைக் குறிப்புகள்" என்ற பதினெட்டுப் பக்கச் சுற்றறிக்கையும் தயாரித்தார். கடவுச்சொல்லை எங்கே எழுதி ஒட்டுவது என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம். முதல் குறிப்பு தடித்த எழுத்தில் இருந்தது: "எந்தத் தகவலையும் ஆதாரமின்றிப் பதியாதீர்." இணையதளத்தின் சொந்த வழிகாட்டியில் முதல் குறிப்பு வேறு. உயிரோடிருக்கும் மூத்தவர்களிடம் பேசித் தொடங்குங்கள் என்று அது சொன்னது. அதை அவர் "தேவையற்ற தாமதம்" என்று நீக்கிவிட்டார்.

"உங்க அக்காகிட்ட கேட்டா பத்து நிமிஷத்துல எல்லாம் சொல்லிடுவாங்களே" என்றாள் மனைவி, காய் நறுக்க மேசையில் ஓரமாவது கிடைக்குமா என்று பார்த்தபடி.

"வாய்மொழித் தகவலை ஆவணமா ஏத்துக்க முடியாது."

"ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தானே இருக்காங்க?"

"தூரம் பிரச்சினை இல்லை. மரபு பிரச்சினை."

மரபுப் பிரச்சினை இதுதான். அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். ஊரையெல்லாம் ஊரோடு இணைத்துவிட்டவர். தம்பியின் பணி நிறைவு விழாவில், மேலதிகாரிகள் முன்னால் மைக்கைப் பிடித்து, "ஒன்பது வயசு வரைக்கும் படுக்கையை நனைச்ச பிள்ளை, இன்னைக்கு இவ்வளவு பெரிய ஆளா நிக்கறான்" என்று கண் கலங்கப் பாராட்டினார். அரங்கம் கை தட்டியது. தம்பி அன்றோடு பேச்சை நிறுத்தினார். அக்கா முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். இரண்டு வயதில் தாயை இழந்தவரைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். பாசம் எங்கும் போய்விடவில்லை. சில பிற்பகல்களில் தம்பி அக்காவின் தொலைபேசி எண்ணைப் பாதி வரை அழுத்துவார். பிறகு அந்தக் கைதட்டல் காதில் விழும். வைத்துவிடுவார்.

எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும், அவர் "முதலாம் உலகக் குடும்ப மாநாடு" கூட்டாமல் இருந்திருந்தால். ஞாயிறு காலை பத்து மணிக்குக் காணொளியில் நாற்பத்து மூன்று உறவினர்கள். வம்சாவளி திரையில் வெளியிடப்படும். அதற்கு முதல்நாள் கடைசி முறையாகச் சரிபார்த்தபோதுதான் அந்தக் குறை கண்ணில் பட்டது. 1,412 பேரும் வண்ணத்தில் மின்ன, அவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டி சாம்பல் நிறத்தில் கிடந்தது. பெயர் இல்லை, படம் இல்லை. "உயிருடன் உள்ளவர். சம்மதம் பெறவும்."

சம்மதம் பெற அக்காவைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் தாம் இறங்கி வந்ததாகிவிடும்.

அவர் பெட்டியைத் திறந்தார். "உயிருடன் உள்ளார்", "காலமானார்" என்று இரண்டு வாய்ப்புகள். இரண்டாவதை அழுத்தினால் சம்மதம் தேவையில்லை என்று விதி தெளிவாகச் சொன்னது. நிர்வாக நோக்கில், மாநாடு முடியும் வரை மட்டும், தற்காலிக ஏற்பாடாக அழுத்தினார். தேதி கேட்டது. யாருக்கும் சிரமம் இல்லாதபடி ஒரு விடுமுறை நாளைப் பார்த்துப் போட்டார். ஆதாரம் கேட்டு மூன்று வாய்ப்புகள் காட்டியது. இறப்புச் சான்றிதழ், செய்தித்தாள் விளம்பரம் இரண்டுக்கும் படம் இணைக்கச் சொன்னது. மூன்றாவதற்கு எதுவும் கேட்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தார். பெட்டி ஒளிர்ந்தது. அக்கா வண்ணத்தில் சிரித்தார்.

நவீன இணையதளங்களின் பொறுப்புணர்ச்சியை இங்கே பாராட்டியே ஆகவேண்டும். அடுத்த நிமிடமே அது நாற்பத்து மூன்று பேருக்கும் துக்கச் செய்தி அனுப்பிவிட்டது.

ஞாயிறு காலை கண்காணிப்பாளர் கோட்டு அணிந்து திரை முன் அமர்ந்தபோது கட்டங்களில் எல்லோரும் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். தளபதியின் வாரிசுகளுக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"சித்தப்பா, அத்தைக்காக ஒரு நிமிஷம் மௌனம்" என்றார் பல் டாக்டர், புது மீசை நடுங்க. "எப்படி ஆச்சு?"

"திடீர்னுதான்..." என்றார் கண்காணிப்பாளர். பொய் இல்லை, ஒரே அழுத்தலில் ஆனதுதான்.

அழைப்பு மணி அடித்தது. மனைவி கதவைத் திறக்கும் சத்தம், பிறகு "ஐயோ, வாங்க வாங்க" என்ற குரல். மௌனம் அனுசரித்துக்கொண்டிருந்த நாற்பத்து மூன்று பேரும் ஒருசேர வாய் பிளந்தார்கள். பல் டாக்டரின் மேல்வரிசைப் பற்கள் முழுதும் தெரிந்தன. கண்காணிப்பாளருக்குப் பின்னால், குடையும் கைப்பையுமாக, காலமான அக்கா நின்றார்.

"உட்காருங்கப்பா எல்லாரும், கால் வலிக்கும்" என்றார் திரையைப் பார்த்து. பல் டாக்டர் அப்படியே உட்கார்ந்தார். நாற்காலிதான் அங்கே இல்லை.

"காலையில இவன்தான் போன் பண்ணி என்கிட்டயே அழுதான்" என்றார் தம்பியிடம், பல் டாக்டரின் கட்டத்தைக் காட்டி. "அத்தை போயிட்டாங்களாமே, நீங்க யாரு பேசறதுன்னு கேட்டான். கொஞ்சம் இரு, விசாரிச்சிட்டுச் சொல்றேன்னு சொல்லி வச்சுட்டு, பஸ்ஸைப் பிடிச்சேன்."

"அக்கா, அது வந்து... ஒரு தொழில்நுட்பக் கோளாறு..."

"சரி. முதல்ல அந்த மைக்கை அணை."

அணைத்தார். அக்கா ஆபரேட்டராயிற்றே, எந்த இணைப்பை எப்போது துண்டிப்பது என்று இப்போதாவது அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாற்பத்து மூன்று பேருக்கும் இனி உதடு அசைவது மட்டும்தான் தெரியும்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வம்சாவளியின் உச்சியைப் பார்த்தார். மீசைக்காரர் கண்ணைச் சிமிட்டினார்.

"இவரு இங்க என்ன பண்றாரு?"

"நம்ம தாத்தாவோட தாத்தா. தளபதி பரம்பரை. இவர்லேருந்துதான் எல்லாமே ஆரம்பம்."

"அடப் பாவி! அப்பா கண்ணாடிச் சட்டம் வாங்கிட்டு வந்தாரு. கடைக்காரன் மாதிரிக்கு உள்ளே வச்சிருந்த படம்டா இது. நம்ம படத்தை மாத்தி வைக்க யாருக்கும் ஒழியலை, அப்படியே மாட்டியாச்சு."

கண்காணிப்பாளர் 1,412 பேரையும் ஒரு முறை பார்த்தார். "ஆனா... வீட்டுல எல்லாரும் சொல்வாங்களே..."

"எல்லாரும் எங்க சொன்னாங்க? நான் சொன்னேன். அம்மா போன புதுசுல நீ சோறே தின்ன மாட்டே. உங்க தாத்தாவோட தாத்தா முறைச்சுப் பாக்கறாரு பாரு, வாயைத் திறன்னு சொல்லிச் சொல்லித்தான் ஊட்டினேன். எனக்கு அப்ப பதினோரு வயசு. வேற என்ன சொல்லத் தெரியும்?"

ஒரு பெரிய வம்சத்தின் வேர் வரை தோண்டியவர், கடைசியில் ஒரு கவளச் சோற்றில் வந்து முட்டி நின்றார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. திரையில் நாற்பத்து மூன்று பேர், அக்கா இல்லையென்றால் வேறு யாரோ போயிருக்க வேண்டும் என்று நினைத்து மறுபடி எழுந்து நின்றார்கள்.

"அழாதே, போகட்டும். இவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. மீசை வளர்த்தவன் பாவம்" என்றார் அக்கா. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பளபளவென்று ஒளிர்ந்த தம் சொந்தப் பெட்டியை விரலால் தொட்டார். விவரங்கள் விரிந்தன. ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தவர், கடைசி வரியில் நின்றார்.

"உன் குறிப்பெல்லாம் எனக்கும் வந்துச்சுடா, அந்த மீசை வளர்த்தவன்தான் அனுப்பினான். ஆதாரம் இல்லாம எதையும் பதியக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தே. நல்ல விஷயம். இங்க என் சாவுக்கும் ஆதாரம் போட்டிருக்கே, 'நேரில் சென்று அறிந்தது'ன்னு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் தம்பியைப் பார்த்தார்.

"நேர்ல எப்படா வந்தே?"