மவுத் ஓர்கனும் ஐயாவின் செத்தவீடும்

யாழ்ப்பாணத்தில் எந்த வித்தையையும் இரகசியமாகப் பழக முடியாது. சைக்கிள் பழகினால் முழங்கால் காட்டிக்கொடுக்கும். சுருட்டுப் பழகினால் வாய் காட்டிக்கொடுக்கும். நான் பழகியது மவுத் ஓர்கன். அது என்னை மட்டும் காட்டிக்கொடுத்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. உயிரோடு படுத்திருந்த என் தகப்பனாரான ஐயாவுக்கு ஊர் கூடிச் செத்தவீடு நடத்தும்படி செய்துவிட்டது.

அது இரண்டாவது உலக யுத்தகாலம். பலாலி விமானத்தளத்தில் எனக்குக் களஞ்சியக் கிளாக்கர் வேலை. அங்கே ஜோர்ஜ் என்றொரு ஒல்லியான ஆகாயப்படைச் சிப்பாய் இருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எண்ணெய்ப் பீப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்து மவுத் ஓர்கன் வாசிப்பான். எங்கள் பக்கத்தில் மவுத் ஓர்கன் புதிதல்ல. கலியாண வீடுகளில் பெடியன்கள் அதில் கீர்த்தனைகளை ஊதிக் கொலைசெய்வதைக் கேட்டிருக்கிறேன். ஜோர்ஜ் வாசித்தது அந்தச் சாதி அல்ல. அமெரிக்காவில் பருத்திக்காட்டில் வேலைசெய்யும் கறுப்பு மக்களின் சங்கீதமாம். புளூஸ் என்று பெயராம். ஓர் இசைத்தட்டைக் கேட்டுத்தான் அவனும் பழகியிருந்தான். அதில் பாட்டுமில்லை, பக்கவாத்தியமுமில்லை. ஒரே ஒரு மனிதன், ஒரே ஒரு மவுத் ஓர்கன். ஸ்டேசனைவிட்டு ரயில் புறப்படுவதுபோலத் தொடங்கும். நடுவில் ரயில் எங்கேயோ போய்விடும். யாரோ நின்று அழுவார்கள். ஏறவேண்டியவர் ரயிலைத் தவறவிட்டுவிட்டார் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஜோர்ஜுக்கு இடமாற்றம் வந்தபோது அந்த இசைத்தட்டையும் தன் பழைய மவுத் ஓர்கனையும் ஒரு கடகம் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு எனக்குத் தந்தான். (இரண்டு பேருமே மற்றவனை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்ட வியாபாரம்.) போகும்போது ஓர் உபதேசமும் செய்தான்: ஊதாதே, உறிஞ்சு.

இசைத்தட்டு கிடைத்துவிட்டது, போட்டுக் கேட்கக் கிராமபோன் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அது ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டு வாசலைத்தான் நாங்கள் மிதிக்கக்கூடாது.

அது சின்னையா வீடு. ஐயாவின் ஒரே தம்பி, பக்கத்து வளவு. ஒரு வருஷம் வேலி அடைத்தபோது கதியால்கள், அதாவது வேலிக்கு நடுகிற தடிகள், ஒரு சாண் நகர்ந்துவிட்டன. எந்தப் பக்கம் நகர்ந்தன என்பதில்தான் அண்ணனுக்கும் தம்பிக்கும் அபிப்பிராய பேதம். அன்று நின்ற பேச்சு நின்றதுதான். எங்கள் ஊரில் கோபத்துக்கும் சட்டம் உண்டு. கோபக்காரர் வீட்டு நல்ல காரியத்துக்கு அவர்கள் வந்து சொன்னாலொழியப் போகக்கூடாது. நோய் வருத்தம் பார்க்கவும் போகக்கூடாது. போனால் இறங்கிப் போனதாக ஆகிவிடும். செத்தவீட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவேண்டியதில்லை. அழுகைச் சத்தம் கேட்டால் எழுந்து போகலாம். அதில் யாருக்கும் மானம் போகாது.

நான் கலைக்காகச் சட்டத்தை மீறினேன். வேலியில் நாய் போய்வருகிற ஒரு பொட்டு இருந்தது. வேலை முடிந்து வந்ததும் இசைத்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதற்குள்ளால் நுழைந்து சின்னையா வீட்டு விறாந்தைக்குப் போவேன். சின்னம்மா கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். சின்னையா சாய்மனைக்கதிரையில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பார். கோபக்காரனின் மகனோடு கதைக்கக்கூடாது அல்லவா, கதைக்கமாட்டார். ஆனால் சாவி இறங்கி இசை இழுபடத் தொடங்கினால் ஒரு தரம் இருமுவார். சின்னம்மா ஓடிவந்து மறுபடி சாவி கொடுப்பார். மாதக்கணக்கில் இப்படி நடந்தது.

கேட்டது போதும், வாசிக்கத்தான் வரவில்லை. ரயில் வந்தது. அழுகை வரவில்லை. உறிஞ்சு என்று ஜோர்ஜ் சொன்னதை நான் கூழ் குடிப்பதுபோல என்று விளங்கிக்கொண்டு, ஒடியற்கூழ் காய்ச்சிய நாளெல்லாம் ஒரு மிடறு கூழும் ஒரு மிடறு மவுத் ஓர்கனுமாகப் பயின்றேன். கூழில் இருந்த இறால்கோது ஒரு துவாரத்துக்குள் போய் அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தச் சுரம் தனக்கு விருப்பமான நாட்களில் மட்டும் பேசியது.

அழுகை எனக்குக் கிடைத்தது ஒரு செத்தவீட்டில். தூரத்து உறவு, முகம் காட்டிவரப் போயிருந்தேன். பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். சிறுவயதிலிருந்து கேட்டதுதான், ஆனால் அன்றைக்குத்தான் காது திறந்தது. சொல் வெளியே வரும்போது அழுகை இல்லை. சொல் முடிந்தபிறகு மூச்சை உள்ளே இழுக்கிறார்களே, அதில் இருக்கிறது. அந்த இடத்தில் தொண்டை சுருங்க, சுரம் ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிறது. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற அந்த மனிதன் செய்ததும் இதேதான். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; கால் தாளம் போட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, செத்தவர் எனக்கு என்ன முறை என்று கேட்டார். தூரத்துச் சொந்தம் என்றேன். தெரிகிறது என்றார்.

அந்த மார்கழியில் ஐயாவுக்குத் தொய்வு கூடிவிட்டது. மூச்சு இழுக்கும் சத்தம் கிணற்றடிக்குக் கேட்கும். பரியாரியார் வந்து பார்த்து மருந்து தந்துவிட்டு, உறவுக்காரருக்கு ஒரு சொல் சொல்லிவைத்தால் நல்லது என்று அம்மாவிடம் சொல்லிப் போனார். ஊருக்கும் அது தெரிந்துவிட்டது. ஐயா படுத்த படுக்கையில், பக்கத்து வளவில் ஆட்டுச் சத்தத்தைக் காணோமே, விற்றுவிட்டார்களோ என்று விசாரிப்பார். அவர் விசாரிப்பது ஆட்டை அல்ல என்று எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னையா, நான் கேட்கும்படியாகச் சின்னம்மாவிடம், பரியாரியாரின் சைக்கிள் இன்றைக்கு அதிகநேரம் நின்றதோ என்று கேட்பார். இவர் கூப்பிடமாட்டார்; அவர் கூப்பிடாமல் வரமாட்டார். தம்பியோடு ஒரு வார்த்தை கதைக்காமலே இந்த மனிதன் போய்விடுவாரோ என்பதுதான் அம்மாவுக்கு நோயைவிடப் பெரிய பயம். எனக்கும் பயம்தான். ஆனால் எனக்கு இருபது வயது. அழுகைச் சுரம் வேறு கைவந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா ஐயாவுக்காக நேர்ந்துகொண்டு கீரிமலைக் கோயிலுக்குப் போனார். ஐயாவைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டுப்போனார். பின்னேரம் ஐயா மருந்தைக் குடித்துவிட்டு நன்றாக அயர்ந்து தூங்கினார். வீடு அமைதியாக இருந்தது. மவுத் ஓர்கன் மடியில் இருந்தது. ஐயாவின் நித்திரை குழம்பக்கூடாது என்று பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே கலியாணச் சமையலுக்கு இரவல் கொடுக்கிற எங்கள் பெரிய கிடாரம் இருந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று அதைச் சரித்து வைத்து, தலையை உள்ளே விட்டு வாசிக்கத் தொடங்கினேன். (வெறும் கிடாரத்துக்குள் வாசித்தால் என்ன நடக்கும் என்று இதை வாசிக்கிற குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். நான் லண்டன் மற்றிக்குலேசன் பாஸ்.)

முதலில் ரயில் போயிற்று. பிறகு அழுகை வந்தது. என் ஆயுளில் அவ்வளவு நன்றாக நான் வாசித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். கொஞ்சநேரத்தில் இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு பல குரல்கள். ஆகா, கிடாரம் என் இசையைப் பன்மடங்காக்கித் திருப்பித் தருகிறது என்று மெய்சிலிர்த்து மேலும் உருக்கமாக வாசித்தேன்.

வெளியே நடந்தது இது. முன்வீட்டு அன்னம்மா மாமி எங்கள் வீட்டிலிருந்து அழுகை கேட்டதும் அடுப்பில் இருந்த பானையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் வாசல் படலையடியிலேயே குரல் வைத்திருக்கிறார். அதைக் கேட்டு ஒழுங்கை முழுவதும் திரண்டுவிட்டது. பெண்கள் முற்றத்தில் கூடிக் கட்டிப்பிடித்து அழ, ஆண்கள் காரியத்தில் இறங்கிவிட்டார்கள். ஒருவர் அம்மாவின் சொந்தங்களுக்குச் சொல்லக் கொடிகாமத்துக்குச் சைக்கிளில் போய்விட்டார். இருவர் பந்தலுக்கு முற்றத்தை அளந்தார்கள். சிதைக்கு எந்த மரத்தைத் தறிப்பது என்று பின்வளவில் ஆலோசனை நடந்தது. நான் அவர்கள் எல்லோருக்கும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

யாரோ என் சேட்டைப் பிடித்து இழுத்ததும் தலையை வெளியே எடுத்தேன். அன்னம்மா மாமி. கண்ணீர் வடிந்த முகத்தோடு என்னைப் பார்த்தார், மவுத் ஓர்கனைப் பார்த்தார், கிடாரத்துக்குள்ளும் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப உன்ரை ஐயா எங்கை?"

நான் ஐயாவின் அறைக்கு ஓடினேன். அதற்குள் சின்னையா அங்கே இருந்தார். படலையால் வரவில்லை, பொட்டாலும் வரவில்லை. கதியால் நகர்ந்ததாகச் சொல்லப்பட்ட அந்த இடத்திலேயே வேலியைப் பிரித்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். சால்வையில் ஓலைத்துண்டுகள் ஒட்டியிருந்தன. அண்ணனின் காலடியில் குந்தியிருந்து குழந்தைபோல அழுதார். அந்தச் சத்தத்தில் ஐயா கண்விழித்தார்.

"ஆர், தம்பியே?"

"ஓம் அண்ணை."

"வெளியிலை என்ன அழுகை? ஆர் செத்தது?"

"நீங்கள்தான் அண்ணை."

ஐயா யோசித்தார். மூச்சு ஒருதரம் இழுத்து அடங்கியது. "அப்ப அதுக்குத்தான் வந்தனியோ?" என்றார்.

"அதுக்கெண்டால்தானே சொல்லாமல் வரலாம்."

ஐயா கையை நீட்டினார். சின்னையா அதைப் பிடித்துக்கொண்டார். நான் மவுத் ஓர்கனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

கீரிமலையிலிருந்து திரும்பிய அம்மா ஒழுங்கை முகப்பில் சனத்தைக் கண்டுவிட்டார். அர்ச்சனைத் தட்டு எங்கேயோ விழ, தலைவிரிகோலமாக ஓடிவந்தார். இதை எழுதும்போதும் அந்த ஓட்டத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதற்குள் சின்னையா ஐயாவைத் தோளில் தாங்கி விறாந்தைக்குக் கொண்டுவந்திருந்தார். செத்தவர் நடந்து வருவதைக் கண்டு அழுதுகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் முற்றத்தைக் காலிசெய்தார்கள். மிச்சப்பேர் விஷயத்தைக் கேட்டு என்னைப் பார்த்த பார்வையில், யாரையாவது எடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற எண்ணம் தெரிந்தது. அம்மா ஐயாவைத் தொட்டுப் பார்த்தார். தம்பியாரைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்ததைப் பிடுங்கி அதனாலேயே எனக்கு நாலு போட்டார். அந்த அடியிலும் அது ஒரு சுரம் பேசியது.

அடுத்தநாள் விடியக் கொடிகாமத்துச் சொந்தங்கள் ஒரு வண்டி நிறையக் காய்கறியும் வாழைக்குலையுமாக அழுதபடி வந்திறங்கினார்கள். விறாந்தையில் சவம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. கொண்டுவந்ததைத் திருப்பி ஏற்றுவது சகுனம் சரியில்லை என்று அம்மா அதே கிடாரத்தில் எல்லோருக்கும் சமைத்தார். சின்னையாதான் அடுப்புக்கு விறகு கொத்தினார்.

ஐயா அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தார். வேலி பிரிந்த இடத்தை யாரும் அடைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் தினமும் பின்னேரம் அந்த வழியால் போய்வந்து, கதியால் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தாராளமாகச் சண்டைபிடித்தார்கள். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது இரண்டு பேர் கதைக்காமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தால், மூன்றாவது ஆள் கேட்பது ஒரே கேள்விதான்: "கிடாரத்தை எடுக்கட்டோ?" புதிதாக வந்த மருமக்களுக்கு விளங்காது. விளங்கப்படுத்துவதற்குள் கோபக்காரர்கள் சிரித்துவிடுவார்கள்.

அந்தக் கதையைச் சின்னையாவைப்போலச் சொல்ல யாராலும் முடியாது. தான் எப்படி ஏமாந்து வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன் என்று நடித்தே காட்டுவார். ஐயா உண்மையாகவே காலமாகி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த ஒரு பின்னேரம், நானும் அவரும் அவருடைய விறாந்தையில் இருந்தோம். அவர் வழக்கம்போல முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். அன்றைக்கு உங்களை அப்படிப் பதறவைத்தது எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது என்று சொன்னேன்.

அவர் திரும்பவில்லை. "ஊர்தான் ஏமாந்தது," என்றார். "மாதக்கணக்கா என்ரை விறாந்தையிலை ஓடின ரெக்கோட். எனக்குத் தெரியாதோ?"

அப்படியானால் ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளை வந்து அண்ணையைப் பார்த்தன். அழுகை வந்தது." பிறகு ஒரு தரம் இருமினார். "மற்றது தம்பி, அந்த ரயில் போன பிறகு வாற இடம். அதிலை நீ ஒரு இழுவையைத் தவறவிட்டிட்டாய்."

அந்த இடம் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.