முதிரைக் காட்டில் நான் வழிகாட்டிய அழகு

எனக்குத் திசை தெரியாது. இதை வெட்கப்படாமல் சொல்ல நாற்பத்தாறு வயதாகவேண்டியிருந்தது. முப்பதிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் குறைந்திருக்கும்.

அப்போது எனக்கு வதனியைப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (அவளே சொன்னாள், சாட்சி உண்டு). அவளுடைய அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. "பொறுப்பான பொடியனோ எண்டு பாக்கவேணும்" என்றாராம். ஓய்வுபெற்ற சாரதி என்பதற்குமேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு வீட்டாரும் அன்புவழிபுரத்திலிருந்து ஒரே வான் வண்டியில் வெருகல் கோவிலுக்குப் போனோம். கும்பிட்டு முடிந்ததும் என் புத்தி சும்மா கிடக்கவில்லை. திரும்பும் வழியில் பழைய மரக்காடு ஒன்று இருந்தது. ஒருகாலத்தில் முதிரை, பாலை மரங்களைத் தறித்து லொறியில் ஏற்றிய இடம். அதைப்பற்றிப் பழைய பேப்பர்களில் படித்திருந்தேன். "இறங்கி ஒருக்கா நடந்து பாப்பம்" என்றேன். பொறுப்பைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

லொறித் தடங்கள் உள்ளே கிளைகிளையாகப் பிரிந்தன. நான் மடையன் இல்லை (என்று நினைத்திருந்தேன்). ஒவ்வொரு சந்தியிலும் நாங்கள் திரும்பிய பக்கத்து மரத்தில் ஒரு கொப்பை முறித்துச் செருகினேன். திரும்பி வர அடையாளம். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வழி தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே. கூடவே வரலாறும் சொன்னேன். "இதிலதான் மரம் அடுக்கினவை. இதாலதான் யானை இழுத்தது." வதனியின் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "ஓமோம்" என்று வந்தார்.

திரும்பும்போது முதல் சந்தியில் இடப்பக்கம் மூன்று கொப்பு. வலப்பக்கம் நான்கு. நான் வைத்தது ஒன்றுதான். பின்னால் பார்த்தால் வதனியின் பெரியம்மா இன்னொன்றை முறித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன பெரியம்மா செய்யிறியள்?"

"பிள்ளையாருக்குத்தான் தம்பி. நீங்கள் வைக்க வைக்க நாங்களும் வைச்சுக்கொண்டு வந்தனாங்கள். இந்தக் காலத்துப் பொடியளில இப்பிடிப் பக்தியை நான் காணேல்ல."

காட்டுக்குள் போகிறவர்கள் பிள்ளையாருக்குக் கொப்பு முறித்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை மறந்தவன் நான் ஒருவன்தான். எட்டுப்பேர், சந்திக்குச் சந்தி, கைக்கு எட்டிய மரத்திலெல்லாம் வைத்திருந்தார்கள்.

முக்கால் மணித்தியாலம் சுற்றினோம். அடிமரம் மட்டும் மிஞ்சிய அதே முதிரைக் குத்தியை மூன்று தரம் கண்டோம். மூன்றாந்தரம் அதன் வரலாற்றை நான் சொல்லவில்லை. தண்ணீர் முடிந்தது. யானை லத்தி ஈரமாகவே கிடந்தது. பெரியம்மா தேவாரம் தொடங்கிவிட்டார். வதனி என் பக்கம் திரும்பவேயில்லை. கலியாணம் போனது போனதுதான் என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் ஒரு வேரில் குந்திவிட்டேன். "மாமா, எனக்கு வழி தெரியாது."

"தெரியும்" என்றார் வதனியின் அப்பா. "உதால போனா அஞ்சு நிமிசத்தில றோட்டு. இந்தத் தடத்தில பதினொரு வருசம் மரலொறி ஓடினனான்."

"அப்ப ஏன் மாமா சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லையே. நல்லா விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தனீங்கள், இடையில ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன். யானை மட்டும் இஞ்ச இழுக்கேல்ல தம்பி. அது டிராக்டர்."

வீட்டுக்குப் போய், "தெரியாதெண்டு சொல்ல வாய் வந்துதே, அது காணும்" என்று சம்மதித்தாராம். சம்மதித்தாரே தவிர, என்னை நம்பவில்லை. கலியாணத்தன்று வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்ற நான் முதல் அடி வைத்தபோது பின்னால் அவர் குரல் கேட்டது.

"ஐயர், நீங்கள் முன்னால போங்கோ."

மண்டபமே சிரித்தது. ஐயரும் மறுக்காமல் முன்னால் போனார். வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. வருசத்துக்கு இரண்டு தரமாவது வீட்டில் போடுகிறார்கள். அந்த இடம் வந்ததும் என் மகள் நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, திரும்பவும் பார்க்கிறாள். எழும்பித் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடலாம்தான். அதற்கும் அலுப்பாக இருக்கிறது.